உங்க ஷாக்கில் யாருடைய ரீடிங் இருக்கு?



நேரா ஒரு கேள்வி. உங்ககிட்ட முன்பக்க ஷாக் வச்ச கியர் சைக்கிள் இருக்கா? இருந்தா, அந்த ஃபோர்க்கின் ஒரு கால் அடியில் சின்னதா ஒரு குமிழ் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். மேலே நீல நிறத்தில் இன்னொன்று இருக்கலாம். இன்னொரு கால் உச்சியில் மூடியைக் கழட்டினா காற்றடிக்கிற வால்வு இருக்கலாம். வாங்கின நாளிலிருந்து இந்த மூன்றையும் எத்தனை தடவை தொட்டிருக்கீங்க?

"அதைத் திருகுறதுக்கு அது என்ன ரேடியோவா?" என்று கேட்கிற ஆட்கள்தான் நம்ம ஹாஸ்டல்ல அதிகம். திருகின சிலரும் ஏதாவது வீடியோவில் ஒருத்தர் சொன்ன நம்பரை அப்படியே வச்சிருப்பாங்க. அவர் எடை வேற, ஓட்டுற மலை வேற, ஃபோர்க்கும் வேற. சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுற பழக்கம் சைக்கிள் வரைக்கும் வந்துடுச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான். ஷாக்கை நம்ம எடைக்கும் நாம போற பாதைக்கும் ஏத்த மாதிரி செட் பண்றது பணக்காரப் பொழுதுபோக்கு கிடையாது. மெக்கானிக்குக்கு மட்டுமே தெரிந்த ரகசியமும் கிடையாது. அது அளவெடுக்கிற வேலை. அடுத்த ஃபோர்க்குக்குக் காசு சேர்க்கிறதுக்கு முன்னாடி, இருக்கிற ஃபோர்க்கை அளந்து பார்க்கணும்.

சொகுசுக்கு இல்ல, பிடிப்புக்கு

ஷாக் எதுக்கு இருக்குன்னு கேட்டா, "குலுங்காம போறதுக்கு"ன்னு சொல்வோம். அது பாதி பதில்தான்.

டயர் தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் பிரேக் பிடிக்கும், ஹேண்டில்பார் திரும்பும். கல்லில் மோதி டயர் ஒரு நொடி காற்றில் பறந்தா, அந்த ஒரு நொடி உங்க டிஸ்க் பிரேக் சும்மா அலங்காரம்தான். ஷாக்கோட முதல் வேலை, மேட்டில் சக்கரத்தை மேலே விட்டு, பள்ளத்தில் கீழே இறக்கி, டயரைத் தரையோடு ஒட்ட வைப்பது. சொகுசு அதோட கூட வர்ற போனஸ்.

ரேஸ்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க. 1990-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டுராங்கோவில் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் டவுன்ஹில் பிரிவில் ஜெயித்த கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் ராக்ஷாக்ஸ் ஃபோர்க் இருந்தது. மலையிறக்கத்தில் நேரத்தை மிச்சம் பண்ணணும்னா டயர் தரையிலேயே இருக்கணும். அவருக்கு அந்த ஃபோர்க் செய்த வேலையைத்தான் உங்க ஃபோர்க்கும் செய்யணும். தப்பா செட் பண்ணின ஷாக் அதைச் செய்யாது. சில சமயம் ஷாக்கே இல்லாத சைக்கிளைவிட மோசமா நடந்துக்கும்.

முதல் அளவு: ஸாக்

நீங்க சைக்கிளில் ஏறி நின்னதும் உங்க எடைக்கே ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும். இந்த அமுக்கத்துக்குப் பேர்தான் ஸாக். ஃபோர்க் மொத்தம் 100 மி.மீ. பயணிக்கக்கூடியது என்று வச்சுக்கோங்க. நீங்க ஏறினதும் 20 மி.மீ. அமுங்கினா, ஸாக் 20%.

"அமுங்காம விறைப்பா இருந்தா நல்லதுதானே?" இல்ல. பாதையில் மேடு மட்டுமில்ல, பள்ளமும் இருக்கு. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க இடம் வேணும். ஏற்கெனவே அமுங்கியிருந்தாத்தான் அது நீண்டு கீழே போக முடியும். ஸாக் இல்லாத ஃபோர்க் பள்ளத்தின் மேலே அந்தரத்தில் தொங்கும்.

அளக்கிறது எப்படி? ரொம்ப சுலபம். லாக்அவுட்டை ஆஃப் பண்ணுங்க. நீங்க வழக்கமா ஓட்டுற மாதிரியே பை, தண்ணி பாட்டில் எல்லாம் போட்டுக்கோங்க. ஒரு நண்பன் முன்னாடி நின்னு ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கட்டும். நாலஞ்சு தடவை நல்லா அமுக்கிவிட்டு, பெடல் மேல் எழுந்து, ஓட்டுற நிலையிலேயே நில்லுங்க. ஃபோர்க்கின் மேல் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லைன்னா ஒரு ஜிப் டையைத் தளர்வா கட்டிக்கலாம். அதை நண்பன் கீழே சீல் வரைக்கும் தள்ளட்டும். ஆட்டாம மெதுவா இறங்குங்க. சீலுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஸ்கேல் வச்சு அளந்தா, அதுதான் உங்க ஸாக்.

ஏற்றமும் வேகமும் முக்கியமான ஓட்டத்துக்கு 15 முதல் 20%, கரடுமுரடான பாதைக்கு 20 முதல் 25%. பின்பக்க ஷாக் இருந்தா 25 முதல் 30%. இது ஆரம்பப் புள்ளி. ஏர் ஃபோர்க்கா இருந்தா, ஸாக் அதிகமானால் காற்றை ஏத்துங்க, குறைவானால் இறக்குங்க. அதுக்கு ஷாக் பம்ப் வேணும். வால்வு பைக் டயர் வால்வு மாதிரியே இருக்குன்னு பெட்ரோல் பங்குக்குக் கொண்டு போயிடாதீங்க. உள்ளே காற்று நிக்கிற இடம் ரொம்பச் சின்னது. ஒரு நொடியில் பிரஷர் எங்கேயோ போயிடும்.

ஸ்பிரிங் ஃபோர்க்கில் மேலே திருகுற பிரீலோட் இருக்கும். "இதை டைட் பண்ணா ஷாக் கடினமாகும்"னு சொல்வாங்க. பிரீலோடால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்குது, அதனால ஸாக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விறைப்பை மாத்தணும்னா ஸ்பிரிங்கையே மாத்தணும். ஸ்பிரிங் மாறாம கே மாறாதுன்னு முதல் வருஷமே படிச்சோம்.

அந்த ஒரு கிராஃப்

மெக்கானிக்கல் மக்களுக்கு இது தெரிஞ்ச கணக்கு. மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் ஒரு பத்தி பொறுத்துக்கோங்க.

ஸாக் என்பது வேறொன்றுமில்ல, டைனமிக்ஸ் பாடத்தில் வர்ற ஸ்டாட்டிக் டிஃப்ளெக்ஷன்தான். அது தெரிஞ்சா எடையும் வேண்டாம், ஸ்பிரிங் விறைப்பும் வேண்டாம், நேச்சுரல் ஃப்ரீக்வென்சி வந்துடும். 9.81-ஐ மீட்டரில் உள்ள ஸாக்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 பையால் வகுத்தா போதும். 20 மி.மீ. ஸாக்குக்கு சுமார் 3.5 ஹெர்ட்ஸ் வரும். 30 மி.மீ.-க்கு சுமார் 2.9. ஒரு ஸ்கேலும் ஒரு நண்பனும் கொடுத்த அளவில் இருந்து இவ்வளவு கிடைக்குது.

இப்போ பாதைக்கு வாங்க. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். அரை மீட்டருக்கு ஒரு மேடு இருக்கிற பாதையில், நொடிக்கு 10 தடவை சக்கரம் தட்டும், அதாவது 10 ஹெர்ட்ஸ். மேடுகள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்றால் 3.3 ஹெர்ட்ஸ். உங்க ஃபோர்க்கோ 3.5-ல் இருக்கு. ரெசனன்ஸ் பக்கத்திலேயே வந்து நிக்கிறீங்க!

டிரான்ஸ்மிசிபிலிட்டி கிராஃப் ஞாபகம் இருக்கா? 13 மார்க் கேள்விக்காக எல்லாரும் வரைஞ்ச அதே படம். எல்லா டாம்பிங் கோடுகளும் ரூட் 2 என்ற இடத்தில் ஒன்றை ஒன்று வெட்டிக்கும். அதுக்கு இடது பக்கம், ரெசனன்ஸ் இருக்கிற பகுதியில், டாம்பிங் கூடினா அதிர்வு குறையும். வலது பக்கம் தலைகீழ். அங்கே டாம்பிங் கூடினா, மேலே வர்ற அதிர்வும் கூடும்.

அந்த ஒரு வெட்டுப்புள்ளியில்தான் மொத்த ஷாக் செட்டிங்கும் நிக்குது. அலை அலையா பெரிய மேடு வர்ற பாதையில் டாம்பிங் வேணும், இல்லைன்னா குதிரை மாதிரி ஆடும். பொடிக்கல் படபடன்னு தட்டுற பாதையில் டாம்பிங்கைத் திறந்து விடணும், இல்லைன்னா கை மரத்துப் போகும். "எல்லாப் பாதைக்கும் ஒரே செட்டிங்" என்பது ஏன் நடக்காதுன்னு அந்த கிராஃபே சொல்லிடுது.

உண்மையில் ஏர் ஸ்பிரிங் நேர்கோட்டில் நடக்காது. நம்ம கை காலே இன்னொரு ஷாக் மாதிரி வேலை செய்யும். அதனால இந்த எண்களைத் துல்லியமான விடையா எடுத்துக்காதீங்க. எந்தப் பக்கம் திருகணும்னு காட்டுற கைகாட்டியா எடுத்துக்கோங்க.

சிவப்பும் நீலமும்

சிவப்பு குமிழ் ரீபவுண்ட். அமுங்கின ஃபோர்க் எவ்வளவு வேகமா திரும்பி நீளணும்னு அது முடிவு பண்ணுது. பக்கத்தில் முயல், ஆமை படம் போட்டிருப்பாங்க. ரொம்ப வேகமா இருந்தா ஃபோர்க் எகிறி உங்களைத் தூக்கி விடும். ரொம்ப மெதுவா இருந்தா வேற ஆபத்து. முதல் கல்லில் அமுங்கின ஃபோர்க் முழுசா நீள்றதுக்குள்ள அடுத்த கல் வந்துடும். இப்படி நாலு கல் தாண்டினதும், பயணிக்க இடமே இல்லாம இரும்புக் கம்பி மாதிரி ஆகிடும். "என் ஷாக் ஆரம்பத்தில் நல்லா இருக்கு, போகப் போகக் கடினமாகுது"ன்னு யாராவது சொன்னா, முதலில் சிவப்பு குமிழைப் பாருங்க.

சோதனை எளிது. நடைபாதை விளிம்பில் இருந்து மெதுவா சைக்கிளை இறக்குங்க. ஃபோர்க் அமுங்கி, நீண்டு, அடங்கிடணும். ரெண்டு மூணு தடவை ஆடினா ஒரு கிளிக் ஆமை பக்கம். சோம்பேறித்தனமா எழுந்தா ஒரு கிளிக் முயல் பக்கம். குமிழை முழுசா மூடிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தீங்கன்னு எண்ணி எழுதி வைங்க.

நண்பனோட செட்டிங் ஏன் உதவாது? உங்க எடை 55 கிலோ, அவன் 85 கிலோன்னு வைங்க. ரெண்டு பேருக்கும் அதே ஸாக் வேணும்னா, ஸ்பிரிங் விறைப்பு எடைக்கு நேர் விகிதத்தில் கூடணும். கிரிட்டிக்கல் டாம்பிங் என்பது விறைப்பையும் எடையையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்போ அதுவும் எடைக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். 85-ஐ 55-ஆல் வகுத்தா 1.55. அவனுக்குத் தேவையான டாம்பிங் உங்களோடதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல. அதே காரணத்தால், காற்றை ஏத்தின ஒவ்வொரு தடவையும் ரீபவுண்டையும் மறுபடி பார்க்கணும்.

நீல குமிழ் கம்ப்ரஷன். அமுங்கும்போது வர்ற எதிர்ப்பு. சில ஃபோர்க்கில் இது லாக்அவுட்டாகவே இருக்கும். "லோ ஸ்பீட்", "ஹை ஸ்பீட்"னு எழுதியிருந்தா அது சைக்கிள் வேகம் கிடையாது, ஷாக் தண்டு நகர்கிற வேகம். பெடல் மிதிக்கும்போது ஆடுறது, பிரேக் பிடிச்சா முன்பக்கம் குனியுறது எல்லாம் லோ ஸ்பீட். கல்லில் மோதுறது ஹை ஸ்பீட்.

பாதைக்குப் பாதை

கேம்பஸ் தார் ரோடும் இசிஆரும்: லாக்அவுட் இருந்தா போடுங்க. தட்டையான ரோட்டில் ஷாக் ஆடினா, நீங்க மிதிச்ச சக்தியில் ஒரு பங்கு அதுக்குள்ளே சூடாகி வீணாகுது. கரடான இடம் வந்ததும் திறக்க மறக்காதீங்க.

ஏரிக்கரை, செம்மண், சரளைப் பாதை: கம்ப்ரஷனை முழுசா திறங்க. ரீபவுண்டை ஒரு கிளிக் வேகமாக்குங்க. அதோட டயர் காற்றையும் குறைங்க. டயர்தான் உங்க முதல் ஷாக். பக்கவாட்டில் எழுதியிருக்கிற அதிகபட்ச பிரஷரையே அடிச்சிட்டு "ஃபோர்க் சரியில்ல"ன்னு சொல்றது நியாயமில்ல. 60, 65 கிலோ ஆளுக்கு 2.1 இன்ச் டியூப் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ-யில் ஆரம்பிச்சுப் பாருங்க. ரொம்பக் குறைச்சா, கல்லில் இடிக்கும்போது டியூப் நசுங்கிப் பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

பாறையும் கல்லும் நிறைந்த கரடு: ஸாக்கை 25% பக்கம் கொண்டு போங்க. ரீபவுண்ட் மெதுவாகிடாம பார்த்துக்கோங்க. ஓட்டி முடிச்சதும் ரப்பர் வளையத்தைப் பாருங்க. பெரிய அடியிலும் பாதிப் பயணம்கூட போகலைன்னா காற்று அதிகம். ஒவ்வொரு கல்லுக்கும் கடைசி வரை போய் இடிச்சா காற்று குறைவு.

மலையிறக்கம்: ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கினாலும் சரி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினாலும் சரி, பிரச்சினை ஒண்ணுதான். எடை முன்னாடி சாயும், பிரேக் பிடிக்கப் பிடிக்க ஃபோர்க் குனியும். குனிஞ்ச ஃபோர்க்கில் ஹேண்டில் பரபரன்னு திரும்பும், அடுத்த பள்ளத்துக்குப் பயணமும் மிச்சம் இருக்காது. 3 முதல் 5 பிஎஸ்ஐ ஏத்துங்க, அல்லது லோ ஸ்பீட் கம்ப்ரஷனை ஒண்ணு ரெண்டு கிளிக் கூட்டுங்க. இறங்குறதுக்கு முன்னாடி பிரேக் பேடைப் பார்க்கணும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. வனத்துறை அனுமதி இல்லாத காட்டுப் பாதைக்குள் எந்த செட்டிங்கோடயும் போகாதீங்க.

ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும். காற்று, ரீபவுண்ட், டயர் மூணையும் ஒரே நேரத்தில் மாத்தினா, எது வேலை செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது.

காசு போட வேண்டிய இடம்

இங்கே சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்ல. இருபதாயிரம் ரூபாய்க்குள்ள எம்டிபி தேடுறீங்கன்னா, ஷாக் இல்லாத சைக்கிளையும் தைரியமா பாருங்க.

அந்த விலையில் வர்ற பல ஃபோர்க்குகளில் ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும், ஆயில் டாம்பர் இருக்காது. டாம்பர் இல்லாத ஸ்பிரிங் என்ன பண்ணும்னு மேலே உள்ள கிராஃபில் பார்த்தாச்சு. ரீபவுண்ட் குமிழும் இருக்காது, அதனால செட் பண்ணவும் ஒண்ணுமில்ல. எடை மட்டும் ரெண்டு கிலோவுக்கு மேல ஏறிடும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு ஷாக் மாட்டியிருந்தா, பார்க்க மாஸா இருக்கும், மிதிக்கும்போது அழுகை வரும். அந்தக் காசை நல்ல பிரேக்குக்கும் அகலமான நல்ல டயருக்கும் போடலாம்.

இது ஏழை சைக்கிளுக்குச் சொல்ற ஆறுதல் இல்ல. பாரிஸ்–ரூபே ரேஸ் கற்கள் பதித்த பழைய சாலைகளில் நடக்கிறது. 1992, 1993 இரண்டு ஆண்டும் ஜில்பேர் டுக்லோ-லசால் ராக்ஷாக்ஸ் ஃபோர்க் மாட்டிய சைக்கிளில் அதை ஜெயித்தார். இன்றைக்கு அதே சாலையில் பெரும்பாலான வீரர்கள் ஷாக் இல்லாத ஃபோர்க்கில், அகலமான டயரில், குறைந்த காற்றில் ஓட்டுகிறார்கள். அந்தப் பாதைக்கு டயரே போதும்னு ஆகிடுச்சு. எந்தப் பாதை என்ற கேள்விதான் முதலில், எந்த ஃபோர்க் என்பது அப்புறம்.

"நான் கிளாஸுக்கும் மெஸ்ஸுக்கும்தான் ஓட்டுறேன், எனக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. மெஸ்ஸுக்குப் போக ஸாக் தேவையில்ல. ஆனா அந்த சைக்கிள்லதான் ஒரு லாங் வீக்கெண்டில் நாலு பேரா சேர்ந்து மலைக்குக் கிளம்புவோம். அன்னைக்கு இறக்கத்தில் முன் சக்கரம் வழுக்கும்போது கையேடு படிக்க நேரம் இருக்காது. "கடையிலேயே செட் பண்ணித் தந்தாங்களே" என்றும் சிலர் சொல்வாங்க. கடைக்காரர் உங்களைத் தராசில் நிறுத்தினாரா? இல்லைன்னா அது யாருக்கோ வச்ச செட்டிங்.

இதைவிட எனக்கு உறுத்துறது வேற. டாம்பிங் ரேஷியோவை நாலு ஸ்டெப்பில் கண்டுபிடிச்சு, கட்டம் கட்டி விடை எழுதுறோம். அதே டாம்பிங் ரேஷியோ சிவப்பு கலர்ல காலுக்குப் பக்கத்தில் இருக்கு, திரும்பிப் பார்க்கிறதில்ல. லேபில் அடுத்தவன் ரீடிங்கை எழுதினா கையெழுத்து கிடைச்சுடும். இங்கே அது செல்லாது. தப்பான ரீடிங்குக்குப் பாறை கையெழுத்துப் போடாது.

அதனால ஒரு யோசனை. ஹாஸ்டலுக்கு ஒரு ஷாக் பம்ப் பொதுவா வாங்குவோம். பத்து பேர் பங்கு போட்டா ஒரு நாள் டீ, பஜ்ஜி காசுதான். மாசத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் கூடுவோம். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் ஏற, ஒருத்தர் அளக்க. பெயர், எடை, ஸாக், பிரஷர், ரீபவுண்ட் கிளிக், டயர் காற்று, போன பாதை, எப்படி இருந்தது: எட்டே எட்டு காலம், ஒரு பழைய நோட்டு. ஆறு மாசத்தில் நம்ம ஊர்ப் பாதைகளுக்கு நாமே எழுதின டேட்டா ஷீட் கையில் இருக்கும். முதல் பக்கத்துக்கு ஒரு ஜிப் டையும் ஒரு ஸ்கேலும் போதும். வர்றீங்களா?